வரதன் சார் வீட்டு கிராபிக்ஸ் கார்டு

ரிட்டயர் ஆகி ஒரு வருஷம்கூட முழுசா ஆகல, அதுக்குள்ள நான் காலம் பூரா பார்த்த வேலையே தேவையில்லைன்னு ஆயிடுச்சாம். சொன்னது எங்க ஆபீஸ் திவ்யா. நல்ல பொண்ணு, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். போன வாரம் போன் பண்ணி, "அக்கா, இப்பல்லாம் நெட்ல மாட்டி விட்டா டிரைவர் தானா வந்து உக்காந்துக்குது. கார்டு பேரு, நம்பர் எல்லாம் எதுக்கு நோண்டிக்கிட்டு இருந்தீங்க?"ன்னு கேக்குறா. எனக்கு சுருக்குனு கோபம் வந்துடுச்சு. "ஏன், பொழுது போகாம நோண்டுனேன்"னு சொல்லி போனை வெச்சுட்டேன். வெச்ச அப்புறம் மனசு கேக்கல. அவளுக்காகத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. கம்ப்யூட்டருக்குள்ள, திரையில படம் வரையறதுக்குன்னே ஒரு தனி அட்டை இருக்கும். அதுதான் கிராபிக்ஸ் கார்டு. அந்த அட்டை எந்த ஜாதி, எந்த மாடல்னு தெரிஞ்சு, அதுகூட பேசத் தெரிஞ்ச சின்ன சாப்ட்வேர் ஒண்ணு வேணும். அதுதான் டிரைவர். டிரைவர் இல்லன்னா திரை ஒரேயடியா இருட்டாகிடாது. ஏதோ வரும். எழுத்து பூசணிக்காய் சைஸுல, படம் மங்கலா, பெரிய சாப்ட்வேர் எதுவும் திறக்காம, ஏனோதானோன்னு வரும்.

நான் டிப்ளமா முடிச்சு, தேனாம்பேட்டையில ஒரு சர்வீஸ் கம்பெனியில சேர்ந்தேன். சேர்ந்த புதுசுல ஸ்க்ரூடிரைவர் புடிக்கத் தெரியும், கஸ்டமர்கிட்ட பேசத் தெரியாது. மத்ததெல்லாம் பீட்டர் சார் கையில அடிபட்டு வந்தது. அடிபட்டுன்னா, அவர் ஒரு நாளும் கத்தினது கிடையாது. கத்தினாலாவது திருப்பிக் கத்தலாம். அவர் எங்க சர்வீஸ் ஹெட். கஸ்டமர் வீட்லேர்ந்து போன் பண்ணி, "சார், அந்த கார்டுதான்னு நினைக்கிறேன்"னு சொன்னா, மெதுவா கேப்பார்: "பார்த்தியா, நினைச்சியா?" "நினைக்கிறேன் சார்." "பார்த்துட்டு கூப்பிடு." அவ்ளோதான், டொக்குனு வெச்சுடுவார். எதிர்ல கஸ்டமர் நம்ம மூஞ்சியையே பார்த்துக்கினு இருப்பான். எனக்கு அந்த மனுஷன் மேல வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமில்ல.

ஒரு தடவை தி.நகர்ல, பனகல் பார்க் பக்கத்துல ஒரு ஜவுளிக்கடை. தீபாவளிக்கு முந்தின கூட்டம், உள்ள நிக்க இடமில்ல. மாடியில பிளவுஸ் எம்ப்ராய்டரி டிசைன் போடுற கம்ப்யூட்டர் படுத்துடுச்சு. திருநெல்வேலிப் பக்கத்து முதலாளி, அண்ணாச்சின்னு எல்லாரும் கூப்பிடுவாங்க. என்னைப் பார்த்ததும், "இன்ஜினியர் எங்கம்மா, பின்னாடி வாராரா?"ன்னாரு. "நாந்தான் அண்ணாச்சி." என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. அப்புறம், "அப்படியா, நல்லது தாயி. ஒரு காபி சொல்லுதேன், சட்டுனு பாரு. கீழ பொம்பளையாளுவ பிளவுஸு கேட்டு என் உசுர வாங்குதாவ"ன்னாரு.

எனக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்து பார்த்துட்டுப் போயிருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே டிரைவரைப் போட்டு, அது ஏறலன்னு கைய விரிச்சிருக்காங்க. ஏன் அந்த டிரைவர்னு கேட்டா, கம்ப்யூட்டர் மேல அந்த கார்டோட அட்டைப்பெட்டி ஜம்முனு உக்காந்திருக்கு. நானும் பெட்டியப் பார்த்துட்டு பீட்டர் சாருக்கு போன் போட்டேன். "பார்த்தியா, நினைச்சியா?" டொக். பல்லக் கடிச்சுக்கினு துணிக் கட்டுக்கு நடுவுல படுத்து, டார்ச் அடிச்சு, மூடியக் கழட்டிப் பார்த்தா, உள்ள கார்டே இல்ல! பெட்டிக்குள்ள டெய்லருங்க குண்டூசியும் நூல்கண்டும் போட்டு வெச்சிருக்காங்க. கார்டை எந்தக் காலத்துலயோ வேற மெஷினுக்கு மாத்தியிருக்காங்க. இருந்தது மதர்போர்டுலயே வர்ற சாதா டிஸ்ப்ளே. அதுக்கு உண்டான டிரைவரைப் போட்டதும் எல்லாம் வந்துடுச்சு. அண்ணாச்சி எனக்கு ஒரு சுங்குடிச் சேலை எடுத்துக் குடுத்தாரு, வேணாம் வேணாம்னாலும் விடல. அன்னிலேர்ந்து பீட்டர் சார் மேல ஆத்திரம் வர்றது பாதியாக் குறைஞ்சுது.

இப்ப வரதன் சார் கதைக்கு வர்றேன்.

வரதன் சார் காலேஜ்ல கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுத்தவர். மயிலாப்பூர்ல குளத்துக்குப் பக்கத்துச் சந்துல வீடு. அவருக்கு ஒரு நரம்பு வியாதி. உடம்புல ஒவ்வொரு தசையா நின்னுக்கினே வரும். கை போச்சு, கால் போச்சு, அப்புறம் பேச்சு போச்சு. புத்தி மட்டும் கத்தி மாதிரி இருக்கும். கண்ணு மட்டும் அசையும். அதுக்குன்னு ஒரு கம்ப்யூட்டர். திரைக்குக் கீழ ஒரு நீட்டு கேமரா, அது அவர் கண்ணு எங்க பார்க்குதுன்னு கவனிக்கும். திரையில இருக்குற எழுத்தை அவர் ஒண்ணொண்ணாப் பார்த்தா அது டைப் ஆகும், முடிச்சதும் மெஷின் அதைப் படிக்கும். அந்த செட்டப்பை மாட்டிக் குடுத்தது நான்தான். மாட்டின அன்னிக்கு அவர் முதல்ல டைப் பண்ணது, "கலா, காபி சாப்டேளா?" "ஆச்சு சார்"னேன். அடுத்தது, "பொய் சொல்லாதேள், மாமி இன்னும் தரலை." எனக்கு சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துச்சு.

அப்புறம் ஒரு விஜயதசமி. எனக்கு லீவுதான். கோட்டூர்புரத்துல எங்க ஹவுசிங் போர்டு வீட்டுல சுண்டல் தாளிச்சுக்கினு இருக்கேன், அவங்க பையன் கார்த்திக் போன். வேளச்சேரியில குடியிருக்கான், சாப்ட்வேர் கம்பெனி வேலை, அலட்டிக்காத பையன். அன்னிக்குக் குரல் உடையுது. "மேடம், அப்பா மெஷின் வரல. சாயங்காலம் டாக்டர் வர்றார். அதுக்குள்ள அப்பா பேசியாகணும். ப்ளீஸ் மேடம்." அடுப்ப அணைச்சுட்டு அப்படியே ஆட்டோ புடிச்சேன்.

போனா, கூடத்துல கொலு இன்னும் எடுக்கல. வரதன் சார் கட்டில்ல சாஞ்சு உக்காந்திருக்கார், மூக்குல மாஸ்க், பக்கத்துல காத்து தள்ளுற சின்ன மெஷின். கண்ணு என்னைப் பார்த்துச்சு. அந்தப் பார்வைய இன்னிக்கும் என்னால சொல்ல முடியல. கத்துறவங்க கண்ணு அப்படித்தான் இருக்கும்.

மாமிய, அதான் அவர் வீட்டம்மா பத்மா மாமிய, ஒரு பக்கம் உக்கார வெச்சு, கார்த்திக் விஷயத்தை சொன்னான். ராத்திரிலேர்ந்து மூச்சு சரியில்ல. உள்ள போன காத்து சரியா வெளிய வரல. இப்படியே போனா ரத்தத்துல கெட்ட காத்து ஏறி மயக்கமாயிடுவார். இப்பவே கண்ணு சொருகுது. இனிமே மாஸ்க் பத்தாது. தொண்டையில ஓட்டை போட்டு, மெஷின் மூலமா மூச்சு குடுக்கணும், அதுவும் கடைசி வரைக்கும். அது வேணுமா வேணாமான்னு இன்னிக்கே முடிவு பண்ணணும். டாக்டர் காலையில வந்து பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு சொல்லியிருக்கார்: "அவர் தெளிவா இருக்கறப்ப அவரே சொல்லணும். சொல்ல முடியலன்னா, அவர் முன்னாடி என்கிட்ட சொன்னதைத்தான் நான் எடுத்துக்கணும்."

முன்னாடி சொன்னது என்னன்னா, வேண்டாம்னு. வியாதின்னு தெரிஞ்ச புதுசுல, வாய் பேச வந்தப்பவே, டாக்டர் முன்னாடியும் கார்த்திக் முன்னாடியும், "தொண்டையில குழாய் கீய் எல்லாம் வேண்டாம். வந்தா போயிடறேன்"னு சொல்லியிருக்கார்.

"அப்பா சொன்னது சொன்னதுதான் மேடம். அவர் வார்த்தையை நான் மீற முடியாது"ன்னான் கார்த்திக்.

"நீ வாய மூடு!"ன்னு மாமி எந்திரிச்சுட்டாங்க. "அவர் எப்பவோ சொன்னதைப் புடிச்சுண்டு தொங்கறே. இப்ப கேட்டேன், வேணுமான்னா, கண்ணை மூடித் தொறந்தார். நேக்குத் தெரியாதா?"

"அம்மா, நான் 'வேண்டாமாப்பா'ன்னு கேட்டேன், அதுக்கும் மூடித் தொறந்தார். ரெப்பை தானா துடிக்கறதும்மா."

காலண்டர் பின்னாடி எழுத்து எழுதி அவர் முன்னாடி புடிச்சும் பார்த்திருக்காங்க. கண்ணு சொருகுறதுல எந்த எழுத்தைப் பார்க்கறார்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லியிருக்காங்க. 'வே'ன்னு ஆரம்பிச்சது மட்டும் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுதாம். அதை வெச்சு என்ன பண்றது? வேணும்னாலும் 'வே'தான், வேண்டாம்னாலும் 'வே'தான்.

"மெஷினுக்கு இன்னா ஆச்சு? முந்தாநேத்து வரைக்கும் நல்லாதானே இருந்துச்சு?"ன்னேன். அம்மாவும் பையனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

மாமிதான் சொன்னாங்க. "சரஸ்வதி பூஜைக்கு வெச்சோம்மா."

எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல. அப்புறம் புரிஞ்சுது. பூஜை அன்னிக்கு புஸ்தகம், வாத்தியம், பேனா எல்லாம் அம்பாள் முன்னாடி வெச்சுடுவாங்க, மறுநாள் வரைக்கும் தொட மாட்டாங்க. அவர் படிக்கிறது, எழுதுறது, பேசுறது எல்லாம் அந்த மெஷின்தானே. அதனால துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, பூ சாத்தி, கொலுப்படி கீழ படுக்க வெச்சிருக்காங்க. அவர்கிட்ட கேட்டிருக்காங்க. அவரே "தாராளமா வைங்கோ. ஒரு நாள் நான் பேசலேன்னா ஊருக்கு நல்லது"ன்னு டைப் பண்ணி கண்ணாலயே சிரிச்சாராம். அன்னிக்கு ராத்திரிதான் மூச்சு முட்டியிருக்கு. சொல்றதுக்கு வாய் இல்ல. வாய் கொலுவுல இருந்துச்சு.

விடிஞ்சதும் கார்த்திக் அவசரமா எடுத்து மாட்டியிருக்கான். வழக்கமான ஓட்டையில கேபிளைச் சொருகினா படமே வரல. பக்கத்துல இன்னொரு ஓட்டை இருந்துச்சு, அதுல போட்டா மங்கலா வந்துச்சு. கண்ணு சாப்ட்வேர் திறக்கல. ஏதோ கெட்டுப் போச்சுன்னு மொத்தத்தையும் ரீசெட் பண்ணிட்டான். அதோட இருந்த டிரைவரும் போச்சு. சாப்ட்வேரைத் திரும்பப் போட்டா, கிராபிக்ஸ் பத்தலன்னு சொல்லி மூடிக்குது. கார்டுக்கு டிரைவர் எறக்கிப் போட்டா, அப்படி ஒரு கார்டே இங்க இல்லன்னு சொல்லுது. அந்த எடத்துல யாரா இருந்தாலும் இதையேதான் பண்ணியிருப்பாங்க. அப்பாவுக்கு மூச்சு முட்டுறப்ப எவன் நிதானமா இருப்பான்?

நான் மெஷின் முன்னாடி உக்காந்தேன். டிவைஸ் மேனேஜர்னு ஒரு எடம், கம்ப்யூட்டருக்குள்ள யார் யார் இருக்காங்கன்னு வரிசையா காட்டும். அதுல டிஸ்ப்ளேக்கு நேரா ஒரே ஒரு பேரு. அதுவும் பொதுப்பேரு, பேரு தெரியாதவங்களை 'ஏங்க'ன்னு கூப்பிடற மாதிரி. அதுக்குள்ள போனா ஹார்டுவேர் ஐடின்னு இருக்கும். வென்னு போட்டு நாலு எழுத்து, அது எந்தக் கம்பெனின்னு சொல்லும். டெவ்னு போட்டு நாலு எழுத்து, அது எந்த மாடல்னு சொல்லும். பார்த்தேன். அது கார்டே இல்ல, மதர்போர்டுலயே வர்ற டிஸ்ப்ளே. கார்டு வரிசையிலயே இல்ல.

"கார்த்திக், மெஷினுக்கு உங்க கார்டு கண்ணுக்கே தெரியல. இல்லாத ஆளுக்கு டிரைவர் போட்டா எப்படி ஏறும்? மூடியக் கழட்டணும். ஆஃப் பண்றேன்."

"அணைக்கறேளா?" மாமி என் கையப் புடிச்சுட்டாங்க. "மங்கலாவாவது வரதே! திரும்ப வரலேன்னா?"

அவங்க கேட்டது நியாயம்தான். எனக்கும் அதே பயம்தான், வெளிய காட்டிக்கல. "மாமி, இப்ப இருக்கறதை வெச்சு அவரால ஒரு எழுத்துகூட பேச முடியாது. விடுங்க"ன்னு சொல்லி அணைச்சேன்.

மூடியத் தொறந்தா உள்ள ரெண்டு சாமந்தி இதழ். கார்டைப் புடிச்சு நிறுத்துற ஸ்க்ரூவைக் காணோம். முன்னாடி ஒரு தரம் அந்த கார்டு கெட்டுப் போய், வாரண்டியில எங்க கம்பெனி ஆள் வந்து மாத்தியிருக்கான். மாத்தினவன் ஸ்க்ரூ போடாமப் போயிருக்கான், கட்டையில போறவன். நிமிந்து நிக்கிற வரைக்கும் கார்டு எப்படியோ நின்னிருக்கு. தூக்கிப் படுக்க வெச்சப்ப ஒரு பக்கம் எகிறிடுச்சு. சரி, இவ்ளோதானேன்னு கழட்டி, அதோட தங்கக் கலர் பல்லை ஸ்கூல் ரப்பரால தேய்ச்சு, திரும்ப ஸ்லாட்டுல, அதான் கார்டு சொருகுற பள்ளத்துல, வெச்சு அமுக்கினேன். உக்காரல. இன்னொரு தடவை அமுக்கினேன். ஒரு ஓரம் எறங்கவே மாட்டேங்குது. இதுக்கு மேல அழுத்தினா போர்டு உடைஞ்சுடும்.

வாசல்ல கார் நிக்கிற சத்தம். டாக்டர் வந்துட்டார். வந்தவர் நேரா வரதன் சார்கிட்ட போய் தோளைத் தட்டினார். "சார்... சார்... தூங்காதீங்க சார்." கண்ணு பாதிதான் தொறந்துச்சு. டாக்டர் எங்க பக்கம் திரும்பி, "ரொம்ப நேரம் இல்ல. இன்னும் கொஞ்சம் மயங்கிட்டார்னா அவர் என்ன சொன்னாலும் நான் கணக்குல எடுத்துக்க முடியாது. ஆம்புலன்ஸைக் கீழ நிக்க சொல்லியிருக்கேன்"ன்னாரு.

எனக்கு அப்ப பீட்டர் சாரைக் கூப்பிடணும்னு தோணுச்சு. ஸ்பீக்கர்ல போட்டேன். "சார், ஸ்லாட் போயிடுச்சுன்னு..." 'நினைக்கிறேன்'ங்கற வார்த்தை வாயில வரல. "பார்த்துட்டு கூப்பிடறேன் சார்"னு நானே வெச்சேன். வெச்சுட்டு டார்ச்சை ஸ்லாட்டுக்குள்ள அடிச்சுப் பார்த்தேன்.

மஞ்சளா ஒரு அரிசி. அட்சதை. ஸ்லாட்டோட ஓரத்துல, கார்டு எகிறின எடத்துல போய் சிக்கியிருக்கு.

முள்வாங்கியால மெதுவா எடுத்து உள்ளங்கையில வெச்சேன். மாமி குனிஞ்சு பார்த்தாங்க. "நான் போட்ட அட்சதையா? அம்பாளே, நான்தானா?"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. "மாமி, ஸ்க்ரூ போடாதவன்தான் காரணம், நீங்க இல்ல. சாமிகிட்ட அப்புறம் பேசிக்கலாம், இப்ப அவர் தலையப் புடிச்சுக்குங்க, தூங்க விடாதீங்க"ன்னு கொஞ்சம் அதட்டலாத்தான் சொன்னேன். வேற வழி தெரியல.

இந்தத் தடவை கார்டு 'டக்'குனு உக்காந்துச்சு. என் பையிலேர்ந்து ஒரு ஸ்க்ரூ போட்டு முறுக்கினேன். கேபிளை அதோட ஓட்டையில மாட்டி ஆன் பண்ணேன். படம் வந்துச்சு. இப்பவும் மங்கல்தான், ஆனா வரிசையில புதுசா ஒரு ஆளு, மஞ்சள் முக்கோணத்தோட. டிரைவர் இல்லன்னு அர்த்தம். ஐடியத் தொறந்தேன்.

"சிகப்புக்காரன் கார்டு"ன்னேன். எங்க தொழில்ல கார்டு கம்பெனிய அதோட கலரை வெச்சு சொல்றது வழக்கம்.

"இல்ல மேடம், நான் வாங்கினது பச்சை. நல்லா ஞாபகம் இருக்கு."

"நீங்க வாங்கினது பச்சை. வாரண்டியில மாத்தி வெச்சது சிகப்பு. நம்பர் பொய் சொல்லாது."

டெவ் நம்பரை என் போன்ல தேடினேன். மாடல் கிடைச்சுது. பழைய மாடல். கார்த்திக் அவன் போன்லேர்ந்து நெட் குடுத்து, கம்பெனி பக்கத்தைத் தொறந்தான். மேலயே புதுசா ஒரு டிரைவர் இருந்துச்சு. "இதான் லேட்டஸ்ட், எறக்கட்டுமா?"ன்னான். அவன் விரல் பட்டன் மேலயே இருக்கு. "இருங்க"ன்னேன். கீழ அந்த டிரைவர் எந்தெந்த மாடலுக்குன்னு ஒரு பட்டியல். நம்ம மாடல் அதுல இல்ல. அந்தப் பெரிய ஃபைலை எறக்கிப் போட்டு, அது ஏறாமப் போயிருந்தா அதோட நேரம் முடிஞ்சிருக்கும். பழசுங்களுக்குன்னு தனியா ஒரு பக்கம் வெச்சிருந்தாங்க, அங்கதான் நம்ம மாடல் பேரு இருந்துச்சு. இந்த எடத்துலதான் திவ்யா கேப்பா, தானா வராதான்னு. வரும்டி. எப்ப வரும்னு அதுக்கே தெரியாது. அங்க அவர் கண்ணு சொருகிக்கினு இருந்துச்சு.

எறங்குற கோடு நகருது, நிக்குது, நகருது. காத்து மெஷின் மட்டும் உஸ் உஸ்னுது. பீட்டர் சார் போன் அடிச்சார். எடுத்து, "சார், கார்டு சரியா உக்காரல, எடுத்து வெச்சேன். சிகப்பு, பழைய மாடல், அதுக்குண்டான டிரைவர் எறங்குது"ன்னேன்.

"பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

"அப்ப எங்கிட்ட எதுக்குப் பேசிக்கிட்டு இருக்க?" டொக்.

டிரைவர் ஏற ஆரம்பிச்சுது. பாதியில திரை குப்புனு கறுப்பாயிடுச்சு. மாமி "ஐயோ"ன்னு கத்திட்டாங்க. "இது அப்படித்தான் மாமி, பழைய படத்தை எடுத்துட்டு புதுசு போடும்"னேன். அப்படித்தான் ஆகும்னு தெரியும், ஆனா அப்படியே நின்னு போனதையும் நான் பார்த்திருக்கேன். கார்த்திக் என் சேர் பின்பக்கத்தைப் புடிச்சுக்கினு நிக்கிறான்.

வந்துச்சு. பளிச்சுனு, எழுத்தெல்லாம் பொடிசா, முழுசா வந்துச்சு. கண்ணு சாப்ட்வேரைத் தட்டினேன். திறந்துச்சு.

இன்னும் ஒரு வேலை பாக்கி. திரையில அங்கங்க ஒரு புள்ளி வரும், அதை அவர் கண்ணால தொடரணும். அப்பதான் கேமராவுக்கு அவர் கண்ணு பிடிபடும். முதல் தடவை பிடிபடல. மாஸ்க் மேல ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னுது. திரைச்சீலையை இழுத்து விட்டோம், ட்யூப்லைட்டை அணைச்சோம். மாமி அவர் தலைய ரெண்டு கையாலயும் நிமித்திப் புடிச்சு, "ஏன்னா, இங்க பாருங்கோ, புள்ளியப் பாருங்கோ, இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுதான்"னு கெஞ்சுறாங்க. கண்ணீர் அவர் நெத்தியில சொட்டுது. அவர் கண்ணு திடீர்னு முழுசாத் தொறந்துச்சு. எங்கேர்ந்து அந்தத் தெம்பு வந்துச்சோ, ஒவ்வொரு புள்ளியையும் விடாமப் புடிச்சார். பச்சை டிக் விழுந்துச்சு.

டாக்டர் கட்டில் பக்கத்துல குனிஞ்சார். "சார், உங்க பேரு என்ன, சொல்லுங்க." தெளிவா இருக்காரான்னு பார்க்க. வரதன்னு டைப் ஆச்சு. "இப்ப உங்களுக்கு என்ன கஷ்டம்?" மூச்சுன்னு வந்துச்சு. "சரி சார். தொண்டையில குழாய் போட்டு மெஷின் வைக்கணும். வெச்சா எடுக்க முடியாமப் போகலாம், மெஷினோடயே இருக்க வேண்டியிருக்கும். வைக்கலாமா, வேண்டாமா? உங்க இஷ்டம்."

நாங்க எல்லாரும் திரையையே பார்த்துக்கினு நின்னோம். ஒவ்வொரு எழுத்தா வந்துச்சு.

அப்போ வேண்டாம்னேன்.

கார்த்திக் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டான். மாமி வாயில புடவைத் தலைப்பை வெச்சுக்கிட்டாங்க. எனக்கும், உண்மையச் சொல்றேன், சரி, அவர் முடிவு பண்ணிட்டார்னுதான் தோணுச்சு. ஆனா எழுத்து நிக்கல. மெதுவா, மெதுவா வந்துக்கினே இருந்துச்சு. முடிச்சதும் அவர் கண்ணு ஓரத்துப் பட்டன் மேல போச்சு, மெஷின் தன்னோட தட்டைக் குரல்ல மொத்தத்தையும் படிச்சுது.

"அப்போ வேண்டாம்னேன். அப்போ மூச்சு இருந்தது. இப்ப வேணும்."

டாக்டர் இன்னொரு தடவை கேட்டார். "வேணும்"னு இன்னொரு தடவை மெஷின் சொல்லுச்சு. டாக்டர் எந்திரிச்சு, திரைச்சீலைய விலக்கி, ஜன்னலுக்கு வெளிய கைய ஆட்டினார். கீழ ஸ்ட்ரெச்சர் எறக்குற சத்தம் கேட்டுச்சு.

கார்த்திக் கட்டில் கால்ட்ட தரையில அப்படியே உக்காந்துட்டான். நாப்பது வயசு ஆம்பள, குழந்தை மாதிரி விக்கி விக்கி அழறான். "அப்பா, நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லிண்டிருந்தேனேப்பா. மெஷின் வரலேன்னா உன்னை நானே அனுப்பியிருப்பேனேப்பா." மாமி அவன் தலையில கைய வெச்சாங்க. அதுவரைக்கும் அவனோட சண்டை போட்டுக்கினு இருந்தவங்க.

ஸ்ட்ரெச்சர்காரங்க உள்ள வந்துட்டாங்க. டாக்டர் ஒரு நிமிஷம்னு கைய காட்டினார். வரதன் சார் கண்ணு திரும்பத் திரையில ஓடிக்கினு இருந்துச்சு.

"நீ நான் சொன்னதைத்தான்டா சொன்னே. அழாதே. என் வாயையும் எடுத்துண்டு வா."

நான் கேபிளெல்லாம் கழட்டினேன். திரையை கார்த்திக் எடுத்துக்கிட்டான். கேபினெட்டை, அதான் கம்ப்யூட்டர் பெட்டியை, யார்கிட்டயும் குடுக்க எனக்கு மனசு வரல. ஆம்புலன்ஸ்ல டிரைவர் பக்கத்து சீட்ல ஏறி, அதை மடியில நேரா நிமித்தி வெச்சு, ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். லஸ் கார்னர்ல ஒரு பெரிய பள்ளம். "அண்ணே, பார்த்து, மெதுவா!"ன்னு கத்தினேன். பின்னாடி படுத்திருக்கற ஆளுக்காகக் கத்துறேன்னு நினைச்சு டிரைவர் வேகத்தைக் குறைச்சார். மடியில இருந்த அவர் வாய்க்காகக் கத்தினேன், அதுவும் அவருக்காகத்தான்.